கரட்டுக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு மணி

யாரிடமாவது மணி என்ன என்று கேட்பதற்குக்கூட எனக்குக் கூச்சம். ஐம்பதை நெருங்கிவிட்ட பிறகும் அது போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் கைக்கடிகாரம் கட்டியவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவராகக் கையைத் திருப்பிப் பார்க்கும்போது கழுத்தை நீட்டி நானும் பார்த்துக்கொள்வேன். இரண்டு தடவை என்னைப் பிக்பாக்கெட் என்று நினைத்துவிட்டார்கள்.

போன வாரம் என் மகன் பாடப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். மனிதன் முதலில் நிழலை வைத்துப் பொழுதை அளந்தானாம், அப்புறம் தண்ணீரை வைத்து அளந்தானாம், கடைசியில்தான் கடிகாரம் செய்தானாம். இதற்கெல்லாம் பல ஆயிரம் வருடம் பிடித்ததாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கிணற்றில் இந்த மூன்றும் ஒரே கோடையில் நடந்து முடிந்தன. அந்தக் கோடையில் என் கல்யாணம் நின்றுபோகவும் பார்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் யாரிடமும் சொல்ல எனக்கு வராது.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கிணறு ஒன்று, பங்கு இரண்டு. ஒரு பங்கு அப்பாவுக்கு. இன்னொரு பங்கு என் அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது என் மாமனுக்கு. விடிந்ததிலிருந்து உச்சிவரை மாமனின் மாடுகள் கவலை ஓட்டும், அதாவது கிணற்று நீரை இறைக்கும். உச்சியிலிருந்து பொழுது இறங்கும்வரை எங்கள் மாடுகள். மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் என்கிற பெரிய வாளி மேலே வந்து தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். தண்ணீர் நிறைய இருந்த வருடங்களில் உச்சி எப்போது என்று யாரும் கேட்டதில்லை. மாமனுக்குப் பசித்தால் உச்சி. அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் பாறைக்குப் போயிற்று. மாமனுக்குப் புகையிலை, எங்களுக்கு மிளகாய். இரண்டும் வாடின. நாலு சால் தண்ணீர் யாருக்கு என்பது பெரிய விஷயமாகிவிட்டது.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மாமனுக்கு ஒரே மகள். அவளை எனக்குக் கொடுப்பதாகத் தொட்டிலிலேயே பேச்சு. ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச ஆசை இல்லாமல் இல்லை. அவள் எதிரே வந்தால் என் கால் தானாகச் சோளக்காட்டுக்குள் போய்விடும்.

முதலில் நிழல். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். சமதரையில் நின்று, தன் நிழல் தலை எங்கே விழுகிறது என்று அடையாளம் வைத்து, தன் அடியாலேயே அதை அளக்க வேண்டும். நிழல் ஓரடிக்குச் சுருங்கினால் உச்சி. அப்பா உயரம், மாமன் குட்டை. ஆனால் உயரத்துக்குத் தகுந்த பாதம் என்பதால் கணக்கு சரியாகவே வரும். கணக்கைக் கெடுத்தது மாமனின் உருமால். வெயிலுக்குக் கட்டுகிற சாதாரணத் தலைக்கட்டு, அந்தக் கோடையில் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. தலை பெரிதானால் நிழலும் நீளும். நிழல் நீண்டால் உச்சி தள்ளிப்போகும்.

"ஏனுங் மச்சான், உருமாலைக் கழட்டிப்போட்டு நில்லுங்க" என்றார் அப்பா.

"வெயிலு மண்டையப் பொளக்குதுங்க மாப்பிள்ளை."

"நேத்து ஒரு துண்டுதானுங்க இருந்துச்சு. இன்னைக்குப் போர்வையாட்ட இருக்குது?"

"நேத்தைக்கு இன்னைக்கு வெயிலு எச்சுங்க."

இருவரும் ஒருநாளும் 'ங்க' விட்டுப் பேசியதில்லை. எவ்வளவு கோபமோ அவ்வளவு மரியாதை. அப்பா அம்மாவிடம் சாதாரணமாகப் பேசினால் வீட்டில் நிம்மதி. "சோறு போடுங்க" என்று சொன்னாரானால் நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன்.

நிழலை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனார்கள். ஜோசியர் வீட்டுப் பரணில் ஒரு செம்புக் கிண்ணம் கிடந்தது. அடியில் ஊசி முனை அளவு ஓட்டை. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் மெல்ல மெல்ல நிறைந்து முழுகும். ஒரு முழுக்கு ஒரு நாழிகை, அதாவது இருபத்து நாலு நிமிடம். சூரியன் வந்ததிலிருந்து பதினைந்து முழுக்கு ஆனால் உச்சி. கிண்ணம் ராத்திரி எங்கள் வீட்டில் இருக்கும். என் அம்மாவுக்குச் செம்பைக் கண்டால் கை சும்மா இராது. புளி போட்டுப் பளபளவென்று விளக்குவாள். ஒரே வாரத்தில் ஓட்டை பெரிதாகி, கிண்ணம் விசையாக முழுகத் தொடங்கியது. மாமனுடைய பதினைந்து நாழிகை பத்தரை மணிக்கே முடிந்துவிட்டது.

"தங்கச்சிங்க" என்றார் மாமன் அம்மாவைப் பார்த்து. கூடப் பிறந்தவளுக்கே 'ங்க' போட்டுவிட்டார். "புருசனுக்குத் தண்ணி வேணும்னா எங்கிட்டக் கேளுங்க. நாழியைத் தேச்சுக் கொறைக்காதீங்க."

புதுக் கிண்ணம் செய்தார்கள். மூன்றாம் நாள் மாமனின் கன்றுக்குட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து தொட்டித் தண்ணீரைக் குடித்தது. கிண்ணம் தரை தட்டி நின்றது. முழுகாத கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே மாமன் கவலை ஓட்டினார். "இன்னும் முழுகலீங்களே" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "கோயமுத்தூர் போயி ஒரு கடியாரம் வாங்கியா" என்றார். எங்கள் வீட்டில் எட்டாவதுவரை படித்தவன் நான்தான்.

கோயமுத்தூரில் சூரியனை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. மில்லுச் சங்கு ஊதினால் தெரு முழுக்க ஜனம். மறுபடி ஊதினால் தெரு காலி. கடைக்காரர் சங்கு ஊதும்வரை காத்திருந்து, அதைக் கேட்டு முள்ளைத் திருப்பிக் கொடுத்தார். தலைமேல் மணி வைத்த டைம்பீஸ். பின்பக்கம் நாலைந்து திருகுகள் இருந்தன. எது எதற்கு என்று கேட்க நினைத்தேன். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கேட்கவில்லை.

அதன் பலன் பல்லடம் தாண்டியதும் தெரிந்தது. பஸ்ஸில் மடிமேல் வைத்திருந்த பெட்டி திடீரென்று அலறத் தொடங்கியது. சைக்கிள்காரன் யாரோ வழி கேட்கிறான் என்று டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். நான் துண்டைப் போட்டு மூடினேன். அலறியது. மேலே ஏறி உட்கார்ந்தேன். எனக்கு அடியிலிருந்து அலறியது.

"ஏனுங் தம்பி, பள்ளிக்கூடம் உட்டாச்சுங்களா?" என்று கேட்டார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. பெட்டியைத் திறந்து கைக்கு அகப்பட்ட திருகுகளையெல்லாம் திருகினேன். அது தன் மூச்சு தீர்ந்து தானாக நின்றபோது, முள்கள் ஏதோ ஒரு நாட்டு நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஊரில் வேறு கடிகாரம் இல்லை. அப்பா கவலைப்படவில்லை.

"சூரியன் உதிச்சா ஆறு மணி. இதுல என்ன கொழப்பம்? தெனமும் காலைல ஆறு வெச்சுக்க."

அப்படியே செய்தோம். தினமும் வாசலில் கடிகாரத்தோடு நிற்பேன். கிழக்கே முதல் வெளிச்சப் பொட்டு தெரிந்ததும் அப்பா கையைத் தூக்குவார். முள்ளை ஆறில் வைப்பேன்.

எட்டே நாளில் மாமனும் அதே கடையில் அதே மாதிரிக் கடிகாரம் வாங்கிவிட்டார். அவரும் சூரியனைப் பார்த்துத்தான் ஆறு வைத்தார். ஆனால் அவர் வீட்டுக்குக் கிழக்கே ஒரு கரடு இருக்கிறது. பெரிய மலை இல்லை, பாறையும் கள்ளியுமாக ஒரு மேடு. சூரியன் அதற்கு மேலே ஏறி மாமன் வாசலை எட்டிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் கூட ஆகும். எங்கள் வாசலுக்கு எந்த மறைப்பும் இல்லை. ஆகவே எங்கள் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகும்போது மாமனுடையதில் பன்னிரண்டுக்குக் கால் மணி பாக்கி.

"உங்கூட்டுக்கு ஒரு சூரியன், எங்கூட்டுக்கு ஒரு சூரியனுங்களா மச்சான்?"

"ஒரே சூரியன்தானுங்க. உங்களுக்குத்தான் கொஞ்சம் அவசரமா வருது."

மாமன் வீட்டில் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவள் அவர் மகள் ஒருத்திதான். எங்கள் வீட்டில் நான். அதனால் தினமும் உச்சிப்பொழுதில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு கடிகாரத்தோடு, இந்தப் பக்கம் நான் ஒரு கடிகாரத்தோடு.

"சொல்லு" என்பார் அப்பா.

"பன்னண்டுங்க" என்பேன் தரையைப் பார்த்து.

"அம்மணி, நீ சொல்லு" என்பார் மாமன்.

"பதினொண்ணே முக்காலுங்க" என்பாள்.

அந்தக் கோடையில் நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆனாலும் காலையில் எழுந்ததிலிருந்து அந்தப் "பதினொண்ணே முக்காலுங்க"வுக்காகத்தான் காத்திருப்பேன்.

சண்டை முற்றியது. கடைசியில் ஒருநாள் அம்மா அழுதுகொண்டே வந்தாள். மாமன் மகளுக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு இடம் வருகிறதாம். வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டு ஒரம்பரை வருகிறார்களாம். அமராவதித் தண்ணீர் பாய்கிற வயல்.

"அங்கெல்லாம் மணி பாத்துத் தண்ணி கட்ட வேண்டியதில்லையாமா. எங்கண்ணன் சொல்லியனுப்பியிருக்குது" என்றாள்.

அப்பா திண்டில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "நல்லதுங்க" என்றார் அம்மாவிடம். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். மாமனிடம் போய்ப் பேச எனக்கு வாய் கிடையாது. அப்பாவிடம் பேசத் துணிச்சல் கிடையாது. ஆனால் முள் என் கையில்தானே இருக்கிறது? நம் கடிகாரத்தை மாமன் கடிகாரத்துக்குச் சரியாக வைத்துவிட்டால் சண்டையே இல்லை. கால் மணி நேரத் தண்ணீர் போனால் போகட்டும்.

புதன்கிழமை விடிந்தது. அப்பா கையைத் தூக்கினார். நான் ஆறு வைத்தேன். அவர் மாட்டைப் பிடிக்கப் போனதும் முள்ளைக் கால் மணி பின்னால் தள்ளினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் செய்த பெரிய குற்றம், பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்காமல் விட்டதுதான்.

உச்சிக்குக் கிணற்றடிக்குப் போனோம். அப்பா வழக்கம்போல முன்கூட்டியே மாடுகளோடு வந்து நின்றார். இன்றைக்கு இரண்டு கடிகாரமும் ஒன்றாகப் பன்னிரண்டு காட்டும், சத்தமில்லாமல் முடியும் என்று நான் நின்றிருந்தேன். என்னுடையதில் பதினொன்றே முக்கால். அந்தச் சமயத்தில் மாமன் மாடுகளை அவிழ்த்தார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங் மச்சான், அவுத்துப்போட்டீங்க?"

"நேரம் முடிஞ்சுதுங்களே. அம்மணி, சொல்லு."

"பன்னண்டுங்க" என்றாள் அவள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"டேய், நம்முளுது எத்தன?"

"பதினொண்ணே... முக்காலுங்க."

அப்பாவின் முகம் சிவந்தது. கால் மணி நேரத் தண்ணீர் தானாக வருகிறதே என்று சந்தோஷப்படுவார் என்று நினைப்பீர்கள். அவரை உங்களுக்குத் தெரியாது.

"எங்குளுக்குப் பிச்சை போடறீங்களாங்க?"

"பிச்சைங்கறது பெரிய வார்த்தைங்க மாப்பிள்ளை. என்ற நேரம் ஆச்சு, அவுத்துட்டேன். உங்க நேரத்துல ஒரு சால் எடுத்தா என்ற கை வெளங்காதுங்க."

"உங்க கால் மணித் தண்ணி என்ற வாய்க்கால்ல பாயறதுக்குப் பதிலா, மொளகா கருகிப் போகட்டுமுங்க. நீங்க பூட்டுங்க."

"நீங்க பூட்டுங்க."

"மொதல்ல நீங்க பூட்டுங்க."

நாலு மாடுகளும் நின்ற இடத்தில் படுத்து அசைபோடத் தொடங்கின. வெயில் கொளுத்தியது. சொட்டுத் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட இரண்டு பேர், இப்போது ஆளுக்கு ஆள் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றார்கள். கிணற்றுக்கு மட்டும் நல்ல காலம். அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஒரு விரல் ஊறியிருக்கும்.

மாமன் திடீரென்று உருமாலை அவிழ்த்து உதறினார். "எனக்கு இப்பத்தானுங்க புரியுது. நேத்து வரைக்கும் முன்னால ஓடுன உங்க கடியாரம் இன்னைக்குப் பின்னால ஓடுது. என்னைய நக்கல் பண்றதுக்குத்தானுங்களே? ஆகட்டுமுங்க. வெள்ளிக்கிழமை தாராபுரத்துக்காரங்க வாராங்க. வெத்தலை பாக்கு மாத்திப்போடறேன்."



"நான்தானுங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான்தானுங்க திருகுனேன்" என்றேன் மறுபடியும். அப்பா, "சித்த சும்மா இரு" என்று கையை அசைத்துவிட்டு மாமனிடம் திரும்பினார்.

மூன்றாவது தடவை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகப் போடாத சத்தமெல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. "நான்தானுங்க திருகுனேன்! கால் மணி பின்னால திருகுனேன்!" கிணற்றுப் பொந்துகளில் இருந்த புறாக்கள் அத்தனையும் படபடவென்று மேலே கிளம்பின. மாடுகள் எழுந்து நின்றுவிட்டன.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் ஒன்று வந்தது. சின்னக் குரல்தான், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது.

"எங்கூட்டுக் கடியாரத்த நானுங்கப்பா. கால் மணி முன்னால."

அப்பா மாமனைப் பார்த்தார். மாமன் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் இருவரும் எங்களைத் திட்டத் தொடங்கினார்கள். கடிகாரம் வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தினால் மற்றவர் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டும் சேந்து சூரியனையே நகத்தியிருக்குதுங்க மச்சான்!"

"பாருங்க மாப்பிள்ளை, நாம எவ்வளவு யோக்கியமா அடிச்சிக்கிட்டு இருந்தோம்! அதையும் இதுக கெடுத்துப்போட்டுதுங்க!" மாமன் மகள் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் பேசிவெச்சுக்கிட்டுச் செஞ்சீங்களா?"

"பேசிவெச்சிருந்தா ஒருத்தர்தானுங்கப்பா திருகியிருப்போம்" என்றாள்.

மாமனின் வாய் திறந்தபடி நின்றது. கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. போட்டு முடித்ததும் அவர் வயிறு முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார். வேர்வை என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

"தாராபுரத்துக்கு ஆள் உட்டு, வர வேண்டாம்னு சொல்லிப்போடறேனுங்க" என்றார் மாமன். "நீங்க மாட்டைப் பூட்டுங்க."

"அந்தக் கால் மணி உங்குளுதுங்க மச்சான். நீங்க பூட்டுங்க."

கால் மணியைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதென்று முடிவாவதற்கு இன்னும் அரை மணி ஆயிற்று.

ஆவணியில் முகூர்த்தம் குறிக்க ஜோசியர் வந்தார். "உதயத்துலிருந்து மூணே முக்கா நாழிகை" என்றார்.

"எந்த உதயமுங்க?" என்று அப்பாவும் மாமனும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஜோசியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பந்தல் பொண்ணூட்டு வாசல்லதானுங்களே? அந்த வாசலுக்கு எப்ப வெயில் வருதோ, அதுதானுங்க உதயம்."

அப்படியானால் மாமன் கடிகாரப்படி ஏழரை. அப்பா சண்டைக்கு வராதது எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், நம் கடிகாரத்தில் தனியாக இருக்கிற மூன்றாவது சின்ன முள் எதற்கு என்று கேட்டார். மணி அடிக்க வைப்பதற்கு என்று காட்டினேன். நிறுத்துவது எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று அப்பா மடியில் துண்டு மூட்டை ஒன்றோடு வந்து உட்கார்ந்தார். மாமன் கடிகாரம் பந்தற்காலில் தொங்கியது. அது ஏழரையைத் தொட்டதும் ஜோசியர் கையைக் காட்டினார். மேளம் கொட்டியது. தாலியை எடுத்து அவள் கழுத்துக்குக் கொண்டுபோனேன்.

அப்பாவின் மடி அலறியது.

தன் கடிகாரத்தை அவர் ஒரு இம்மிகூடத் திருப்பவில்லை. அதில் ஏழே முக்கால். ஆனால் கால் மணி வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணி, மாமன் ஏழரைக்குச் சரியாக அடிக்கும்படி வைத்திருந்தார். நம் வீட்டுக் கடிகாரமும் நேரம் சொன்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மேளக்காரர்கள் திகைத்து நிறுத்திவிட்டார்கள். அப்பா துண்டை இறுக்கினார். அம்மா பிடுங்கி மேலே ஏறி உட்கார்ந்தாள். அம்மாவுக்கு அடியிலிருந்து அலறியது. எனக்கு அந்த பஸ் முழுக்கக் கண்முன் வந்துவிட்டது. தாலி கையில் இருக்கிறது, முடிச்சுப் போட வரவில்லை.

அவள் தலை நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"மேல மணிக்குப் பொறகால ஒரு பொத்தான் இருக்குதுங்க. அத அமுக்கச் சொல்லுங்க."

மணி சொன்னதைத் தவிர அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. பந்தலில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் தாலியைப் பிடித்தபடியே கழுத்தைத் திருப்பி, வாழ்க்கையில் இரண்டாவது தடவையாகக் கத்தினேன்.